நத்தைக் கல் யாருக்குச் சொந்தம்?

பிரமன் படைக்கும் கடவுள் என்பது புராணம். அந்தப் பிரமனின் பெயரைத் தாங்கிய ஓர் உயிரினம் பூண்டோடு அழிந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன என்பது விஞ்ஞானம். அதன் பெயர் பிரம்மைட்டிஸ். அம்மோனைட்டு என்ற பெருங்கூட்டத்தைச் சேர்ந்த ஒரு பேரினம் அது. இதற்கு இந்தப் பெயரை 1897ல் சூட்டியவர் ஆஸ்திரிய அறிஞர் பிரான்ஸ் காஸ்மாட். அவர் ஆதாரமாக எடுத்துக்கொண்ட கல்லோ நம் புதுச்சேரி மண்ணில் எடுத்த கல்!

பார்த்தவுடன் யாருக்கும் 'நத்தைக் கல்' என்றுதான் சொல்லத் தோன்றும். நாமும் அந்தப் பெயரையே வைத்துக்கொள்வோம். ஆனால் அது நத்தை அல்ல. நம் மீனவர் வலையில் விழுகிற கணவாய்க்கும், பேய்க்கணவாய்க்கும் சுற்றம் அது. கணவாய் ஓட்டை உடலுக்குள் வைத்திருக்கிறது. இது ஓட்டை வெளியே வீடாகக் கட்டிக்கொண்டு வாழ்ந்தது. வளர வளர முன்னே புதிய அறை கட்டும்; பின்னால் உள்ள அறையைச் சுவரெழுப்பி அடைத்துவிடும். அடைத்த அறைகளின் ஊடே ஒரு மெல்லிய குழாய் ஓடும். அந்தக் குழாய் வழியே அறைத் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றி, காற்றை நிரப்பி, கடலில் மூழ்காமல் மிதக்கும். நீர்மூழ்கிக் கப்பல் கட்டுகிற என்ஜினீயர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை இந்தப் பிராணி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே செய்துகொண்டிருந்தது. மேல் ஓடு உரிந்துபோன கல்லைக் கையிலெடுத்துப் பாருங்கள். ஒவ்வோர் அறைச் சுவரும் ஓட்டைத் தொட்ட கோடு, இலை நரம்பு போல வளைந்து நெளிந்து தெரியும். ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு விதமான கோடு. அந்தக் கோட்டைக் கொண்டே இன்ன இனம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

பிரம்மைட்டிஸ், வடக்கயிற்றைத் தளரச் சுருட்டி வைத்தாற்போல இருக்கும். உள்சுற்றுகள் ஒன்றையொன்று மூடிக்கொள்ளாமல் எல்லாம் வெளியே தெரியும். மேலே மெல்லிய வரிகள். இடையிடையே கயிற்றைக் கட்டி இறுக்கியது போன்ற பள்ளங்கள். கிரிடேஷியஸ் யுகத்தின் கடைசிக் கட்டத்தில், அதாவது சுமார் 7 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலத்தில் அது வாழ்ந்தது. புதுச்சேரிக்கு வடமேற்கே வழுதாவூர், சேதராப்பட்டு வட்டாரத்துப் பாறையில் கிடக்கும் இதே இனம், பிரான்சும் ஸ்பெயினும் சேருகிற பிஸ்கே விரிகுடாக் கரைப் பாறையிலும் கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் உலகக் கடலெல்லாம் சுற்றிய பிராணி! அதனால்தான் விஞ்ஞானிகளுக்கு அது விலைமதிப்பற்றது. கொஞ்ச காலமே வாழ்ந்து, உலகெங்கும் பரவியிருந்தது. எனவே எந்த நாட்டுப் பாறையில் அது தென்பட்டாலும், அந்தப் பாறை இன்ன காலத்தது என்று கண்டுகொள்ளலாம். பாறைக்குள் வைத்த கடிகாரம் என்றே சொல்லலாம்.

பெயர் வந்த கதை

1840-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கேய், கன்லிஃப் என்ற இரு வெள்ளைக்காரர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலிருந்து இந்தக் கற்களைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846ல் அறிக்கை வெளியிட்டார். ஃபோர்ப்ஸ் இந்தியாவுக்கு வந்தவரே அல்ல. ஆனால் மேதை, வந்த பெட்டியைப் பார்த்தே இவை கிரிடேஷியஸ் யுகத்தவை என்று கண்டு சொன்னார். அந்தத் திறமையைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமல்ல.

வேடிக்கை பெயரில்தான் இருக்கிறது. நூற்றுக்கணக்கான கற்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர் வேண்டும். இந்தியாவிலிருந்து வந்தவை அல்லவா? எடு புராணத்தை! பிரம்மா, விஷ்ணு, இந்திரா, வருணா, சூரியா, கணேசா, கருடா என்று வரிசையாக ஒட்டிவிட்டார். புத்தரையும் விடவில்லை, ஒன்று 'கௌடாமா', மற்றொன்று 'சுகதா'. அனுப்பிய துரைமாருக்கும் மறக்காமல் பங்கு உண்டு: ஒரு கல் கேய் பெயரில், ஒன்று கன்லிஃப் பெயரில். இன்னொன்றின் பெயர் 'மெனு'. ஓட்டல் பட்டியல் என்று நினைக்க வேண்டாம். மனுதர்மத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் ஜோன்ஸ் காலத்திலிருந்து வெள்ளைக்காரர்கள் மனுவை அப்படித்தான் எழுதிவந்தார்கள். பிற்பாடு 1922ல் அந்த மெனுவை வைத்தே 'மெனுவைட்டிஸ்' என்று ஒரு தனி இனமே உண்டாக்கினார்கள். அந்த இனமும் கல்லாகிவிட்டது என்பதில் நமக்கு வருத்தம் ஒன்றுமில்லை!

இதைப் பார்த்துவிட்டு, "பார்த்தீர்களா, உலக விஞ்ஞானமே நம் தெய்வங்களை ஒப்புக்கொண்டுவிட்டது" என்று பூரிக்கிறவர்கள் நாளைக்குக் கிளம்பினால் வியப்பில்லை. பெட்டியில் ஒட்டிய சீட்டுக்கும் சித்தாந்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் அவர்கள். நேபாளத்தில் காளி கண்டகி ஆற்றில் எடுத்துவந்து பூஜையில் வைக்கிறார்களே சாளக்கிராமம், அதுவும் அம்மோனைட்டுதான், நம்முடையதைவிட மூத்தது. பூஜை செய்கிறவர்களை நாம் வம்புக்கு இழுக்கவில்லை. ஆனால் இமயமலை நின்ற இடத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பதற்கு அந்தக் கல் சாட்சி சொல்லுகிறதே, அந்தச் சாட்சியத்தையும் பூஜை அறையிலேயே பூட்டி வைக்க வேண்டுமா?

நமக்கு உறுத்துகிற விஷயம் வேறு. தெய்வங்களின் பெயர் இருக்கிறது, துரைமாரின் பெயர் இருக்கிறது. வெயிலில் நின்று தோண்டியவன் பெயர் எங்கே? கூடையில் சுமந்து வண்டியேற்றியவள் பெயர் எங்கே? கம்பெனி சர்க்காரின் துரைமார் தாங்களே மண்வெட்டி பிடித்து வேலை செய்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்புகிறவர் நம்பட்டும். மூலக் கற்கள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பின்னால் வந்த ஸ்டோலிச்கா பல ஆண்டு உழைத்து நான்கு பெரும் தொகுதிகளாக நம் தென்னாட்டுப் புதைபடிவங்களை விவரித்தார். அந்த மனிதர் 1874ல், 36 வயதிலேயே, மத்திய ஆசியாவிலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலையில் உயிர் விட்டார். அவர் விவரித்த கற்கள் கல்கத்தாவில். லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் போன கல், கிடைத்த ஊரின் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிற்பாடு வந்தவர்கள் ஊர்ப் பெயர்களையும் எடுத்துக்கொண்டார்கள். ஊட்டத்தூர் பெயரில் 'உடட்டூரிசெரஸ்' என்று ஓர் இனம் உண்டு. வரகூர் பெயர் ஒரு கல்லுக்கு. ஓட்டக்கோவில் பெயர் ஒரு கல்லுக்கு. ஜப்பானிலும் பிரான்சிலும் உள்ள பேராசிரியருக்கு வரகூர் என்ற பெயர் தெரியும். வரகூர் பிள்ளைகளுக்கு இது தெரியுமா என்று ஒரு வாத்தியாராவது கேட்டுப் பார்க்கட்டும்.

கடலும் சிமெண்டும்

புதுவைப் பக்கத்துப் பாறை ஒரு சிறு துண்டு. அதே கடல் விட்டுப்போன பெரும் பரப்பு அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலும் லால்குடிப் பக்கத்திலும் இருக்கிறது. இந்தியத் துணைக்கண்டம் அண்டார்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டிக் கிடந்த காலம் போய், பிளந்து விலகியபோது கடல் உள்ளே புகுந்தது. பல கோடி ஆண்டுகள் அது வந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் அடுக்கடுக்காக வண்டலையும் ஓட்டையும் எலும்பையும் போட்டுச் சென்றது. பிளான்ஃபோர்டு 1862ல் இதை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்துக் காட்டினார். கீழே ஊட்டத்தூர் மூத்தது, மேலே அரியலூர் இளையது. உலகில் சில இடங்களில்தான் இப்படி ஒரு கடலின் வரலாறு ஏடு ஏடாகப் புரட்டிப் பார்க்கும்படி வெளியில் கிடக்கிறது.

அந்த ஏட்டைத்தான் இன்று அரைத்துக்கொண்டிருக்கிறோம்.

அரியலூர்ச் சீமை சிமெண்டுச் சீமை. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் என்றாலே புவியியல் படித்தவர்கள், கிரிஃபியா என்ற பழைய சிப்பி படுகை படுகையாக அடுக்கிக் கிடக்கிற பாறை என்பார்கள். அந்தச் சிப்பி ஓடும், அதன் இடையே கிடக்கும் நத்தைக் கல்லும் சூளைக்குப் போய்த் தூளாகி, மூட்டையில் ஏறி, ஊர் ஊராகப் போகின்றன. நாம் வசிக்கும் மாடி வீட்டின் கூரையில் எத்தனையோ கோடி ஆண்டுக் கடல் இருக்கிறது!

சிமெண்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பாலம் கட்டவும் பள்ளிக்கூடம் கட்டவும் ஏழைக்கு ஓலைக் குடிசைக்குப் பதில் கல் வீடு கட்டவும் சிமெண்டு வேண்டும். அந்த ஆலைகளிலும் சுரங்கங்களிலும் ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் பிழைப்பு இருக்கிறது. "கல் வேண்டுமா, வேலை வேண்டுமா?" என்று முதலாளிகள் பூச்சாண்டி காட்டுவது நமக்குப் பழக்கமானதுதான். குடிநீரைப் பற்றிக் கேட்டாலும் அதே கேள்வி, புழுதியைப் பற்றிக் கேட்டாலும் அதே கேள்வி. கல்லை வெட்டுவதற்கு முன் அதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார், பார்த்ததை எழுதி வை, நல்லதை எடுத்து வை என்று சொன்னால் எந்த ஆலையின் புகைபோக்கி அணைந்துவிடும்?

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்யும் ஒரு தோழரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சிரித்தார். "தோழர், சக்கரம் மாதிரி பெரிசு பெரிசா வரும். எங்களுக்குக் கணக்கெல்லாம் டன்னிலேதான். நத்தையைப் பார்த்துக்கிட்டு நின்னா சூபர்வைசர் விடுவாரா?" என்றார். அது என்ன பொருள் என்று இத்தனை ஆண்டில் யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். உலகத்தில் அந்தக் கல்லை முதன்முதலில் பார்க்கும் கண் அவருடையது. அந்தக் கண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை.

சொல்லாததன் விளைவு என்ன? 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டை என்று செய்தி நாடெங்கும் பறந்தது. கூட்டம் கூடிற்று, படம் பிடித்தார்கள். பிறகு விவரம் அறிந்தவர்கள் வந்து பார்த்து, முட்டையும் இல்லை ஒன்றும் இல்லை, அம்மோனைட்டுகளை ஒட்டி வண்டல் இறுகிய உருண்டைகள் என்று சொன்னார்கள். மக்களைக் குறை சொல்ல இதில் இடமில்லை. நூற்றெண்பது ஆண்டாகப் புத்தகத்தில் இருக்கிற விஷயத்தை அவர்களுக்குச் சொல்லாதவர்கள் தலைகுனிய வேண்டும்.

வயிறும் அறிவும்

"வயிற்றுக்குச் சோறில்லாதவனுக்கு நத்தைக் கல் எதற்கு?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்வி ஏழையை உயர்த்துகிற கேள்வி அல்ல. அவனை வயிறு மட்டுமாக்குகிற கேள்வி. சோறும் வேண்டும், கூலி உயர்வும் வேண்டும், தான் நிற்கிற மண்ணின் கதையும் வேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு முழுநேர வேலைக்கு வந்தவன் நான். நிலையாமையைப் பற்றி மேடையில் எத்தனையோ பேசியிருக்கிறோம். எல்லாம் மாறும் என்பதற்குக் கையில் எடுத்துக் காட்ட இதைவிடக் கனமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

யோசித்துப் பாருங்கள். அம்மோனைட்டுகள் 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் கடலை ஆண்டன. மனித இனத்துக்கு வயது சில லட்சம் ஆண்டுதான். இடையில் எத்தனை அழிவுகள் வந்தும் தாக்குப்பிடித்தன. கடைசியில் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மெக்ஸிகோவின் யுகாட்டான் பகுதியில் ஒரு விண்கல் விழுந்தது. சுமார் 10 கிலோமீட்டர் அகலம். தூசி வானத்தை மூடிற்று. சூரிய ஒளி இல்லை. கடல் மேற்பரப்பில் வாழும் நுண்ணுயிர்கள் மடிந்தன. அம்மோனைட்டின் குஞ்சுகள் மிகச் சிறியவை. அந்த மேற்பரப்பில் மிதந்து, அங்கே கிடைப்பதைத் தின்று வளர்ந்தவை. உணவு போயிற்று, தலைமுறை போயிற்று. அதன் தூரத்து உறவான நாட்டிலஸ் என்ன ஆயிற்று? அதன் முட்டை பெரியது, ஆழத்தில் வாழ்வது, பசியைப் பொறுக்கக் கூடியது. அது பிழைத்து இன்றும் பசிபிக் கடலில் இருக்கிறது. வலியவன் வாழ்வான் என்பது இயற்கையின் சட்டம் என்று கூலியைக் குறைக்கும்போதெல்லாம் ஓதுகிறார்களே, அவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கட்டும். கடலெல்லாம் நிறைந்திருந்தது போயிற்று. ஒதுங்கிக் கிடந்தது நின்றது.

ஹாலந்தில் நடந்தது

பிரம்மைட்டிஸ் வாழ்ந்த காலத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் மாஸ்ட்ரிக்ஷியன். ஹாலந்து நாட்டு மாஸ்ட்ரிக்ட் நகரத்தின் பெயர் அது. அந்த நகரமும் சுண்ணாம்புக்கல் நகரம். அங்கேயும் சிமெண்டுக்காகப் பாறை வெட்டினார்கள். அந்தச் சுரங்கத்தில் 2012ல் மண்வெட்டும் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியின் கண்ணில் பெரிய எலும்பு பட்டது. இயந்திரத்தை நிறுத்தினார், சொன்னார். வந்து பார்த்தால் மோசசார் என்ற பூதாகாரமான கடற்பல்லி! பல்லியைப் பத்திரமாக எடுத்து நகர அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'கார்லோ'. அந்த இயந்திர ஓட்டுநரின் பெயர். முதலாளித்துவ நாடுதான், சொர்க்கமல்ல. இருந்தாலும் அந்த அளவுக்கு அங்கே நடந்திருக்கிறது.

அதே மாஸ்ட்ரிக்டிலிருந்து அதற்கும் முன்னே ஒரு மோசசாரின் மண்டையோடு கிடைத்திருந்தது. 1794ல் நகரத்தைப் பிடித்த பிரெஞ்சுப் படை அதைப் பாரிசுக்குத் தூக்கிக்கொண்டு போயிற்று. இன்றும் பாரிசில்தான் இருக்கிறது. ஆயுதம் உள்ளவன் கல்லைக்கூட விட்டுவைப்பதில்லை என்பது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல.

நம் சட்டத்தைப் பார்ப்போம். மனிதன் கைபட்ட நூறாண்டுப் பழமைப் பொருளைக் காக்க 1972ல் தொல்பொருள் சட்டம் வந்தது. ஐம்பொன் சிலையைக் கடத்தினால் அந்தச் சட்டம் பிடிக்கும், பிடிக்க வேண்டும். ஏழு கோடி ஆண்டுப் பழமையுள்ள நத்தைக் கல் மனிதன் செய்தது அல்ல. ஆகவே அந்தச் சட்டத்தின் பார்வையில் அது தொல்பொருள் அல்ல! 2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் புவியியல் பாரம்பரியத்தைக் காக்க ஒரு முன்வடிவை வெளியிட்டது. நோக்கம் சரி. ஆனால் அதிகாரம் முழுவதையும் டில்லியின் கீழுள்ள ஒரே துறையின் கையில் குவித்திருந்தார்கள். மாநிலத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ளூர் மக்களுக்கும் என்ன பங்கு என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

மனமிருந்தால் செய்ய முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. பெரம்பலூர் அருகே சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்லாகிய மரம் கிடக்கிறது. தஞ்சைச் சீமையில் பிறந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940ல் அதை உலகுக்குச் சொன்னார். பின்னர் அவரே இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் முதல் இந்திய இயக்குநரானார். அந்த மரத்துக்கு வேலி உண்டு, காவல் உண்டு, தேசியச் சின்னம் என்ற அறிவிப்பும் உண்டு. வாரணவாசியில் அரசு புதைபடிவ அருங்காட்சியகமும் அமைந்திருக்கிறது. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் மரம் ஒரே இடத்தில் கிடக்கிறது, வேலி போடலாம். நத்தைக் கல் காரையின் ஓடைச் சரிவெங்கும் சிதறிக் கிடக்கிறது. படிக்க வருகிறவர்களிலேயே பை நிறைய அள்ளிப் போகிறவர்கள் உண்டு. சுரங்கத்துக்குள் இருப்பதோ நாளுக்கு நாள் தூளாகிக்கொண்டிருக்கிறது.

எனவே கேட்க வேண்டியதைத் துல்லியமாகக் கேட்போம். புதிய சுரங்கத்துக்குக் குத்தகை கொடுக்குமுன் புவியியல் தெரிந்தவர்கள் அந்த நிலத்தை நடந்து பார்த்து எழுதிய பதிவேடு இருக்க வேண்டும். அது கலெக்டர் ஆபீஸ் அலமாரியில் தூங்காமல் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். காரைச் சரிவுகளில் ஒரு பகுதியையாவது யாரும் தோண்டாதபடி ஒதுக்க வேண்டும். சுரங்கத்தில் துளை போடுகிறவர், இயந்திரம் ஓட்டுகிறவர், கல் பொறுக்குகிறவர் எல்லோருக்கும் சம்பளத்தோடு கூடிய பயிற்சி நாள் வேண்டும். கண்டெடுத்தால் வேலையை நிறுத்திச் சொல்லலாம், அதற்காகக் கூலி வெட்டு இல்லை என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். உத்தரவில்லாத பயிற்சி வெறும் சொற்பொழிவு. எடுத்த கல்லின் பக்கத்தில் எடுத்தவர் பெயரும் எழுதப்பட வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். 2015ல் திருத்திய சுரங்கச் சட்டப்படி, சுரங்கம் உள்ள மாவட்டங்களில் கனிம அறக்கட்டளை இருக்கிறது. குத்தகைதாரர் செலுத்தும் பணம் அதில் சேருகிறது. முதல் செலவு குடிநீருக்கும் வைத்தியத்துக்கும்தான். அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. அதற்குப் பிறகு தாலுகாவுக்கு ஓர் அறை, நான்கு கண்ணாடி அலமாரி, ஒரு காவலாளி, ஓர் ஆசிரியர் என்பது அந்த நிதிக்குப் பாரமான செலவு அல்ல.

லண்டன் கல்லைத் திருப்பிக் கொடு என்று கேட்பதில் தவறில்லை, கேட்போம். அதுவரை, ஃபோர்ப்ஸ் கையில் வைத்துப் பார்த்த அந்த 'பிரம்மா'வுக்கு அச்சு எடுத்து, வார்ப்பு ஒன்று சேதராப்பட்டுப் பள்ளிக்கூட மேசைக்கு வரட்டும். அருங்காட்சியகங்கள் தங்களுக்குள் இப்படி வார்ப்புகளை மாற்றிக்கொள்வது வழக்கமே. ஒரு கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். அதைப் புதுவை சர்க்காரின் கல்வித்துறையே எழுதலாம்.